மடக்குச் செல்போனின் வெளித்திரை: விற்பனையாளர்களுக்கு ஒரு பாடம்



மளிகைக் கடையில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எதை வைக்கிறார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தீப்பெட்டி, ஷாம்புச் சரம், சோப்பு என அடிக்கடி கேட்கப்படும் சரக்கு கையருகே இருக்கும். மாதம் ஒரு முறை விற்கும் சரக்கு பரணில் இருக்கும். அதே கடையின் தெருப்பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் இருப்பது கண்ணைக் கவரும் சரக்கு. கையருகே உள்ள தட்டின் வேலை வேறு, கண்ணாடி அலமாரியின் வேலை வேறு.

இன்று செல்போன் கடைகளுக்கு வரும் மடக்குப் போன்களில், மூடிய நிலையிலும் தெரியும் வெளித்திரை ஒன்று உள்ளது. மேற்சொன்ன இரண்டு வேலைகளையும் அந்தச் சிறிய திரையே செய்ய வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் கடையில் நிற்கும்போது அதைக் கண்ணாடி அலமாரியாகவே பார்க்கிறார். குழந்தையின் படத்தை அதில் போட்டுக் காட்டினால் மகிழ்கிறார். ஆனால் வீட்டிற்குச் சென்றபின் அவருக்குத் தேவைப்படுவது கைக்கு எட்டும் தட்டு. அது சரியாக அமையாவிட்டால், "மூடி வைத்தால் மணி பார்க்கத்தான் உதவுகிறது, இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தேன்" என்ற மனக்குறை எழுகிறது.

இந்த மனக்குறையின் விலை சிறியதன்று. சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி இசட் ஃபிளிப் 5 இந்தியாவில் 2023ஆம் ஆண்டு 99,999 ரூபாய் விலையில் அறிமுகமாயிற்று. இவ்வளவு பணம் செலவழித்தவர் வருத்தத்துடன் இருந்தால், அவருடைய அடுத்த போன் நம் கடையில் வாங்கப்படாது. அவர் உறவினரும் நம் கடைக்கு வரமாட்டார்கள். இணைய வணிகத்தின் விலைக்கு இறங்கி விற்பது நம்மால் இயலாத காரியம். ஆனால் வாங்குபவரை எதிரே அமர்த்தி, அவருடைய வேலைக்கு ஏற்றபடி அந்தத் திரையை அமைத்துத் தருவது நம்மால் இயலும். அதை எப்படிச் செய்வது, அது குறித்து ஆய்வாளர்கள் கண்டறிந்தவை என்ன என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

வெளித்திரை வளர்ந்த விதம்

மேலும் கீழுமாக மடியும் போன்களில், 2019 நவம்பரில் மோட்டோரோலா நிறுவனம் அறிவித்த ரேஸர் போனின் வெளித்திரை 2.7 அங்குலம். 2020 பிப்ரவரியில் வந்த சாம்சங் இசட் ஃபிளிப்பில் அது வெறும் 1.1 அங்குலமே. மணி, பேட்டரி அளவு, வந்த அழைப்பு போன்ற சிறு அறிவிப்புகளுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. 2021இல் வந்த ஃபிளிப் 3இல் அது 1.9 அங்குலம் ஆயிற்று. வானிலை, அலாரம், பாட்டு ஆகியவற்றுக்கான சிறு பலகைகளை அதில் வைக்க முடிந்தது. இவற்றை விட்ஜெட் என்கிறோம். 2022 டிசம்பரில் ஓப்போ நிறுவனத்தின் ஃபைண்ட் என்2 ஃபிளிப் 3.26 அங்குலத் திரையுடன் வந்தது. 2023இல் ஃபிளிப் 5 3.4 அங்குலத் திரையுடனும், மோட்டோரோலா ரேஸர் 40 அல்ட்ரா 3.6 அங்குலத் திரையுடனும் வெளிவந்தன. 2025இல் வந்த ஃபிளிப் 7இல் வெளித்திரை 4.1 அங்குலம்.

இந்த எண்களிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. திரை 1.1 அங்குலமாக இருந்தபோது அதில் மாற்றி அமைக்க அதிகம் இல்லை. ஆகவே தவறாக அமைக்கவும் வழியில்லை. திரை வளர வளர, எதை வைப்பது, எதை விடுவது, எதை முன்னே வைப்பது என்ற கேள்விகளும் வளர்ந்தன. இடம் பெருகிய கடையில் சரக்கை அடுக்குவது கடினமாவதைப் போன்றதே இது.

2023இல் இரு நிறுவனங்களும் இரு வேறு வழிகளைக் கையாண்டன. மோட்டோரோலா, பெரும்பாலான செயலிகளை வெளித்திரையிலேயே திறக்க இடம் கொடுத்தது. சாம்சங், கூகுள் மேப்ஸ், யூடியூப் போன்ற சிலவற்றை மட்டும், அதுவும் அமைப்புகளில் 'லேப்ஸ்' என்ற பகுதிக்குச் சென்று அனுமதித்தால்தான் திறக்கும்படி வைத்தது. மற்றச் செயலிகள் வேண்டுமெனில் 'குட் லாக்' என்ற தனிச் செயலியை நிறுவிக்கொள்ள வேண்டும். முதல் வழியில் சுதந்திரம் அதிகம். ஆனால் நீண்ட திரைக்கென வரையப்பட்ட செயலி, ஏறக்குறையச் சதுரமான சிறு திரையில் சில இடங்களில் இடிபடும். இரண்டாம் வழியில் இடிபாடு குறைவு. ஆனால் அந்த வசதி இருப்பதே பல வாடிக்கையாளருக்குத் தெரியாமற்போகும். எந்த நிறுவனப் போனை விற்றாலும் இடைவெளியை நிரப்ப வேண்டியவர் விற்பனையாளரே.

மூன்று அளவுகோல்கள்

ஒரு பொருள் பயன்படுத்த எளிதாக உள்ளதா என்று அளந்து பார்ப்பதைப் பயன்பாட்டு ஆய்வு என்பர். இதற்கு ஐ.எஸ்.ஓ. 9241 என்ற பன்னாட்டுத் தரநிர்ணயத்தின் 11ஆம் பகுதி அடிப்படையாக உள்ளது. 1998இல் வெளியான அது 2018இல் திருத்தப்பட்டது. அது மூன்று அளவுகோல்களைக் கூறுகிறது. வேலை முடிந்ததா, எவ்வளவு நேரமும் முயற்சியும் செலவாயின, செய்தவருக்கு மனநிறைவு ஏற்பட்டதா என்பனவே அவை. இன்னார், இன்ன நோக்கத்திற்காக, இன்ன சூழலில் என்று குறிப்பிட்ட பிறகே இவற்றை அளக்க வேண்டும் என்பதும் அந்தத் தரநிர்ணயத்தின் கருத்து. பொதுவாக "நல்ல போன்" என்று ஒன்று கிடையாது. அரிசி மண்டி நடத்துபவருக்கு நல்லது வேறு, கல்லூரி மாணவிக்கு நல்லது வேறு.

வெளித்திரைக்கு இந்த மூன்றையும் பொருத்திப் பார்க்கும்போது, கடையிலேயே கண்ணால் காணக்கூடிய எளிய அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. வாடிக்கையாளர் வேலையை முடிக்கப் போனை விரித்தாரா, இல்லையா என்பதே அது. வெளித்திரையில் முடிய வேண்டிய வேலைக்கு அவர் போனை விரித்துவிட்டால், அந்த வேலையில் வெளித்திரை தோற்றது என்று குறித்துக்கொள்ளலாம்.

விரிப்பதால் கீல் தேய்ந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. 2020இல் முதல் ஃபிளிப் வந்தபோது 2,00,000 முறை மடக்கலாம் என்று அந்நிறுவனம் கூறியது. நாளொன்றுக்கு 100 முறை என்று கணக்கிட்டால் அது 2,000 நாட்கள், அதாவது ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுகள். ஆகவே வெளித்திரையின் பெரும் பயன் கீலைக் காப்பதில் இல்லை, உழைப்பைக் குறைப்பதில்தான் உள்ளது. போனை விரிக்கப் பெரும்பாலோருக்கு இரு கைகளும் தேவைப்படுகின்றன. ஒரு கையில் பையோ குழந்தையோ இருக்கும்போது, மற்றக் கையால் மட்டும் காரியம் முடிவதே வெளித்திரையின் மதிப்பு.

ஆய்வாளர்கள் கண்டறிந்தவை

தமக்கேற்ப மாற்றி அமைக்கும் வசதியைக் கொடுத்தால் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா? இந்தக் கேள்வி மடக்குப் போனுக்கு முந்தியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வெண்டி மெக்கே என்ற ஆய்வாளர், கணினி பயன்படுத்தும் 51 பேரை ஆராய்ந்து 1991இல் முடிவுகளை வெளியிட்டார். பலர் இயன்ற அளவு எதையும் மாற்றாமலே இருந்துவிடுகின்றனர் என்பது அதில் தெரிந்தது. நேரமின்மையே முக்கியத் தடை. மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட சமயத்தில் சிலர் மாற்றம் செய்தனர். அதுவும் பெரும்பாலும், புதியதைப் பழையது போலவே நடந்துகொள்ளச் செய்வதற்காகத்தான்.

நம் தொழிலுக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, "வீட்டில் போய் மெதுவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பலர் பார்க்கவே மாட்டார்கள். புதுப் போன் கைக்கு வரும் நாளும், மென்பொருள் புதுப்பிக்கப்படும் நாளுமே நமக்கு வாய்ப்பான நாட்கள். இரண்டாவது, பழைய போனில் அவர் எப்படிப் பழகியிருந்தார் என்று கேட்டறிந்து, இயன்றவரை அதே வரிசையில் புதியதை அமைத்துத் தர வேண்டும்.

அதே ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், மக்கள் தாமாக அமைப்பதைவிட அடுத்தவர் அமைத்ததை வாங்கிக்கொள்வதில் நாட்டம் காட்டுவதைக் கண்டார். அவ்வாறு பரவுவதில் சிலரை அவர் மொழிபெயர்ப்பாளர் என்றே அழைத்தார். இவர்கள் தொழில்நுட்பத்தில் முதல் வரிசை வல்லுநர் அல்லர். ஆனால் உடனிருப்பவருக்கு உதவும் எண்ணம் மிகுந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் பேசி, அவருக்குத் தேவையானதை எடுத்துக் கொடுப்பவர்கள். கடையில் வெளித்திரையை அமைத்துத் தரும் பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லா நுணுக்கமும் தெரிந்த பையனைவிட, பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவரே அந்த வேலைக்கு ஏற்றவர்.

போன் தானாகவே நம் பழக்கத்தைக் கற்று வரிசையை மாற்றிக்கொண்டால் நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். லியா ஃபிண்ட்லேட்டர், ஜோனா மெக்ரனர் ஆகிய இருவரும் 2004இல் இதைச் சோதித்தனர். கணினிப் பட்டியல் ஒன்றை 27 பேரிடம் மூன்று விதமாகக் கொடுத்தனர். ஒன்று மாறாத வரிசை. இரண்டாவது, பயன்படுத்துபவரே மாற்றும் வரிசை. மூன்றாவது, கணினி தானாக மாற்றும் வரிசை. தானாக மாறும் வரிசையைவிட மாறாத வரிசையில் வேலை விரைவாக முடிந்தது. பயன்படுத்துபவரே மாற்றியதும், சில நிலைகளில், மாறாததற்குக் குறிப்பிடும்படி பின்தங்கவில்லை. பெரும்பாலோர் விரும்பியது தாமே மாற்றும் வரிசையைத்தான்.

கடைக்காரருக்கு இது வியப்பாக இராது. நாள்தோறும் டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினால் சரக்கு எடுப்பவரின் கை தடுமாறும். இடம் பழகிவிட்ட கை கண்ணின் உதவியின்றியே எடுக்கும். எனவே வெளித்திரையை வாடிக்கையாளரின் விருப்பப்படி ஒரு முறை அமைத்துவிட்டு, அடிக்கடி கலைக்காமல் இருப்பதே நல்லது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

ஆய்வு என்றவுடன் பெரும் செலவு பிடிக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் 1993இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஒருவரைச் சோதித்தால் ஒரு பொருளில் உள்ள பயன்பாட்டுக் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும். அடுத்தடுத்துச் சோதிக்கும்போது பழைய குறைகள் திரும்ப வருவதால் புதியவை குறையும். இந்தக் கணக்குப்படி ஐந்து பேரிடம் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் இது குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான எண்ணிக்கை மட்டுமே. "நூற்றுக்கு எத்தனை பேர் விரும்புகிறார்கள்" என்று சொல்ல ஐந்து பேர் போதாது.

சோதனை செய்யும் முறை பின்வருமாறு:

1. காட்சிக்கு வைத்துள்ள போனைப் புதிதாக வந்த நிலைக்குக் கொண்டுவந்து மூடி வைக்கவும். வயதிலும் தொழிலிலும் வேறுபட்ட ஐந்து பேரை, ஒருவர் பின் ஒருவராக அழைக்கவும்.

2. நான்கு சிறு வேலைகளைக் கொடுக்கவும். தவறவிட்ட அழைப்பு யாருடையது என்று பார்த்துத் திரும்ப அழைப்பது, வந்த செய்திக்கு ஒரு வரி பதில் அனுப்புவது, காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது, தம் குடும்பப் படத்தை வெளித்திரையில் போடுவது ஆகியவை போதும்.

3. "இங்கே தொடுங்கள்" என்று சுட்டிக்காட்டக் கூடாது. மனத்தில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்டுக்கொள்ளவும். இந்த முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் எழுதி விளக்கினார். "எங்கே போயிற்று?", "இது எதற்கு?" என்று அவர் சொல்லும் சொற்களே நமக்குக் கிடைக்கும் சரக்கு.

4. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, வேலை முடிந்ததா, எத்தனை நொடி, எத்தனை தவறான தொடுதல், போனை விரித்தாரா என்று குறிக்கவும்.

5. முடிந்தபின் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம். முகத்திற்கு நேரே யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "எந்த இடத்தில் தயங்கினீர்கள்?" என்று கேட்கவும்.

எடுத்துக்காட்டாக, ஐவரில் நால்வர் செய்திக்குப் பதில் அனுப்பும் வேலையில் மட்டும் போனை விரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் இரண்டாக இருக்கலாம். வெளித்திரையிலேயே பதில் அனுப்பலாம் என்பது அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். அல்லது எழுத்துப் பலகை திரையின் பெரும்பகுதியை மூடிவிட, எழுதியது தெரியாமல் சலித்திருக்கலாம். முதற்காரணத்திற்கு மருந்து ஒரு முறை காட்டிக் கொடுப்பது. இரண்டாவதற்கு மருந்து, "கடையில் இருக்கிறேன்", "பிறகு பேசுகிறேன்" போன்ற அவருக்கு வேண்டிய பதில்களை முன்கூட்டியே சேமித்து வைத்துத் தருவது அல்லது குரலால் எழுதும் வசதியைக் காட்டுவது. அவர்கள் வாய்விட்டுச் சொன்னதைக் குறித்திருந்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

விற்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய வரிசை

போனை விற்று, பில் போட்டபின் பத்து நிமிடம் ஒதுக்கவும். கீழ்க்கண்ட வரிசை பயனுள்ளதாக இருக்கும்.

முதலில் கேள்வி. "நேற்று முழுவதும் போனை எதற்கெல்லாம் எடுத்தீர்கள்?" என்று கேட்கவும். "உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று கேட்டால் விளம்பரத்தில் கண்டதையே சொல்வார்கள். நேற்று என்று கேட்டால் உண்மையான பழக்கம் வெளிவரும்.

இரண்டாவதாக, அந்தப் பதிலிலிருந்து மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுக்கவும். ஃபிளிப் 5 போன்ற போன்களில் விட்ஜெட்டுகளைப் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். எட்டு விட்ஜெட்டுகளை நிரப்பிக் கொடுத்தால் எட்டாவதை அவர் ஒருபோதும் காணமாட்டார். மிகவும் வேண்டியது முதலில், அடுத்தது இரண்டாவதாக, அத்துடன் மூன்றாவது. அதற்குமேல் அவரே கேட்டால் ஒழியச் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவதாக, வால்பேப்பரும் கடிகார வடிவமும். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கேமரா வட்டங்கள் முகத்தை மறைக்காதபடியும், மணியின் எண்கள் படத்தில் கலந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ளவும். வயதானவருக்கு வெளிர் நிறப் படத்தின்மேல் வெள்ளை எண்களை வைத்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது. கடை வாசலுக்கு அவரை அழைத்துச் சென்று பார்க்கச் சொல்வதே சரியான சோதனை.

நான்காவதாக, அவர் கையாலேயே ஒரு முறை மாற்றச் சொல்லவும். நாமே எல்லாம் செய்து கொடுத்தால் அடுத்த வாரம் படத்தை மாற்றத் தெரியாமல் தவிப்பார். தாமே மாற்றும் வரிசையையே பெரும்பாலோர் விரும்பினர் என்ற ஆய்வு முடிவை இங்கே நினைவுகூரலாம்.

அந்தரங்கம் பற்றிய எச்சரிக்கை

வெளித்திரை போனை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிவதன்று. மேசைமேல் மூடி வைத்த போனில் செய்தி வந்தால் அருகிலிருப்பவர் கண்ணிலும் படும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் அவ்வாறே படக்கூடும். கொள்முதல் விலை பற்றி மொத்த வியாபாரி அனுப்பும் செய்தி, எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் கண்ணில் பட்டால் என்னாகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆகவே அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குச் சென்று, போன் பூட்டியிருக்கும்போது செய்தி வந்ததை மட்டும் காட்டி உள்ளடக்கத்தை மறைக்கும்படி வைப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுக்கவும். முடிவு அவருடையது. ஆனால் கேட்காமல் விடுவது நம் குற்றமாகும். அவருடைய கைரேகையையும் இரகசிய எண்ணையும் அவரே பதிய வேண்டும். கடை ஊழியர் எவரும் அவற்றைக் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது. சோதனையின்போதும் காட்சிப் போனையே கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் ஏற்றிய குடும்பப் படத்தை அவர் எதிரிலேயே அழித்துவிட வேண்டும்.

மொத்த விற்பனையாளர்களுக்கு

சில்லறைக் கடைக்காரர்கள் எழுதிய சோதனைத் தாள்கள் மொத்த விற்பனையாளரிடம் சேர்ந்தால், ஒரு கடையில் தெரியாத உண்மை பத்துக் கடைகளில் தெரியும். ஒரே இடத்தில் பலரும் தயங்குகிறார்கள் என்றால் அது வாடிக்கையாளரின் அறியாமையன்று, பொருளின் குறை. நிறுவனப் பிரதிநிதி வரும்போது "விற்பனை மந்தம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த மாடலில் இந்த வேலைக்கு இத்தனை பேர் விரித்துவிட்டார்கள்" என்று தாளைக் காட்டிப் பேசினால் நம் சொல்லுக்கு மதிப்பு கூடும். காட்சிக்கென ஒரு போன் கேட்டுப் பெறவும் அதுவே நல்ல ஆதாரம்.

விற்ற ஒரு வாரம் கழித்து வாடிக்கையாளரை அழைத்து, மூன்று விட்ஜெட்டுகளில் எதை ஒரு முறைகூடத் தொடவில்லை என்று கேட்கவும். தொடாததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கக் கடைக்கு வரும்படி அழைக்கவும். மென்பொருள் புதுப்பிப்பு வரும் காலத்தில் மறுபடி ஒரு முறை அழைக்கவும். ஒரு போனுக்கு உறையும் திரை ஒட்டுப்படமும் விற்க அப்போது இயல்பாகவே வாய்ப்பு அமையும்.

பயிற்சி

அ) கடந்த மாதம் மடக்குப் போன் வாங்கிய மூவரிடம், வெளித்திரையில் கடைசியாகச் செய்த வேலை எது என்று கேட்டு எழுதவும். மணி பார்த்தது தவிர வேறு பதில் எத்தனை பேரிடம் கிடைத்தது?

ஆ) நம் கடை ஊழியர்களில் பேசிக் கேட்டறியும் பொறுமை உள்ளவர் யார்? பத்து நிமிட அமைப்புப் பொறுப்பு இப்போது அவரிடம் உள்ளதா?

இ) ஒரு கையில் பையுடன் நின்று, மேற்சொன்ன நான்கு வேலைகளையும் நாமே செய்து பார்க்கவும். எங்கே விரித்தோம்?

இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு தாள், ஒரு பேனா, ஐந்து வாடிக்கையாளர்கள், சிறிது பொறுமை, அவ்வளவே. செய்து பார்த்த உறுப்பினர்கள் தங்கள் தாளில் கண்டவற்றைச் சங்க அலுவலகத்திற்கு எழுதி அனுப்பினால், மற்ற உறுப்பினர்களுக்கும் அது பயன்படும்.